முறுக்கு நாழியும் பக்கியின் ஷாக்கும்

ரேடியோ கண்ட்ரோல் பக்கி ஒன்று மண்மேட்டில் ஏறிப் பறந்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிறது. தரையைத் தொடும்போது அது கீழ்நோக்கி வரும் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். ஒன்றரைக் கிலோ வண்டியை மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குள் அடக்கியாக வேண்டும். அடக்கிய பிறகு அது மறுபடி எகிறவும் கூடாது. இந்த வேலையைச் செய்பவை நான்கு மூலைகளிலும் இருக்கும் விரல் நீள ஷாக் அப்சார்பர்கள். இந்த வண்டிப் பந்தயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ஷாக். கரடுமுரடான தடத்தில் சக்கரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால்தானே மோட்டாரின் சக்தி வண்டிக்குப் பயன்படும்?

வீட்டில் முறுக்கு பிழிந்தவர்களுக்கு ஷாக் வேலை செய்யும் விதம் எளிதில் பிடிபடும். நாழியில் மாவை அடைத்து மேலிருந்து அழுத்துகிறோம். அடியில் துளை போட்ட தட்டு. மாவு அந்தத் துளை வழியாக மட்டுமே போக முடியும் என்பதால் கைக்கு எதிர்ப்பு தெரிகிறது. ஷாக்கில் நாழிக்குப் பதில் அலுமினியக் குழல், மாவுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய், தட்டுக்குப் பதில் பிஸ்டன். ஒரு தண்டின் முனையில் பொருத்திய, சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் வில்லைதான் பிஸ்டன். அதில் சில சின்னத் துளைகள். ஆனால் இங்கே தட்டுதான் நகர்கிறது. எண்ணெய் வெளியே போவதில்லை, பிஸ்டனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறது. சக்கரம் மேலே எழும்போது ஒரு பிழிதல், இறங்கும்போது எதிர்த்திசையில் இன்னொரு பிழிதல். பிழிய ஆகும் உழைப்பெல்லாம் எண்ணெயில் சூடாக மாறிவிடுகிறது. வெளியே சுற்றியிருக்கும் ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும், எண்ணெய் கொடுக்காது. துள்ளல் அடங்குவது அதனால்தான்.

1984-ல் கலிஃபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் தங்க நிற அலுமினியச் சேஸிஸோடு ஆர்.சி.10 பக்கியைக் கொண்டுவந்தபோது, அதில் இருந்ததும் எண்ணெய் ஷாக்தான். அடுத்த வருடம் டெல் மாரில் இந்த வகை வண்டிகளுக்கு நடந்த முதல் உலகப் பட்டப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை ஜே ஹால்ஸி அந்த வண்டியில் வென்றார். நாற்பது வருடங்களில் மோட்டாரும் பேட்டரியும் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டன. குழல், தண்டு, துளையிட்ட வில்லை, எண்ணெய் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இதில் மாற்றக்கூடியவை இரண்டு: மாவின் பதம், தட்டின் துளை. எண்ணெயின் பதத்தைச் சென்டிஸ்டோக் கணக்கில் அளக்கிறார்கள். தண்ணீர் சுமார் 1. பத்தில் ஒரு பங்கு அளவு பக்கிக்கு ஊற்றும் எண்ணெய் பெரும்பாலும் 300-லிருந்து 450 வரை. சில பாட்டில்களில் 'வெயிட்' என்ற எண் போட்டிருக்கும். அது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் என்பதால் சென்டிஸ்டோக் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். அந்த எண்ணும் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. கொளுத்தும் வெயிலில் அதே எண்ணெய் கணிசமாக இளகிவிடும். காலையில் 350 ஊற்றி ஓட்டியவர் உச்சிவெயிலில் 400-க்குப் போவது இதனால்தான்.

பலர் கவனிக்காமல் விடுவது துளையை. தேன்குழல் தட்டை எடுத்துவிட்டு ஓமப்பொடித் தட்டைப் போட்டால் அதே மாவு கையை ஒடிக்கும் அல்லவா? ஷாக்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எண்ணெய் மெதுவாக ஓடும்போது ஒரு துளை கடத்தும் அளவு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது. 1.2 மில்லிமீட்டர் துளையை 1.3 ஆக்கினால் கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடுதல் எண்ணெய் போகும். கண்ணுக்கே தெரியாத மாற்றம் கைக்குத் தெரிகிறது.

அப்படியானால் சின்னத் துளையும் இளகிய எண்ணெயும் ஒரு ஜோடி, பெரிய துளையும் கெட்டி எண்ணெயும் இன்னொரு ஜோடி, இரண்டும் ஒன்றுதானே? மேசைமேல் வைத்துத் தண்டை மெதுவாக அழுத்தினால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓடுபாதையில் அப்படி இல்லை. வண்டி வளைவில் சாய்வது, முடுக்கும்போது பின்பக்கம் அமர்வது எல்லாம் மெதுவான அசைவுகள். அங்கே எண்ணெயின் பதம் ஆள்கிறது. உயரத்திலிருந்து விழும்போது நாழியில் ஒருபோதும் வராத வேகம் வருகிறது. எண்ணெய் துளையில் சுழன்று திணறுகிறது. அப்போது பதத்தைவிடத் துளையின் பரப்புதான் கணக்கு. துளை சின்னதாக இருந்தால் ஷாக் திடீரென்று இறுகிவிடும். பந்தயக்காரர்கள் இதை 'பேக்' ஆகிறது என்பார்கள். பெரிய தாவல்கள் உள்ள தடத்தில் ஓரளவு பேக் வேண்டும், இல்லாவிட்டால் சேஸிஸ் தரையில் அறையும். சின்னச் சின்னக் குழிகள் நிறைந்த தடத்தில் அதே இறுக்கம் சக்கரத்தைத் தரையிலிருந்து உதைத்துத் தள்ளும். எனவே முதலில் தடத்தைப் பார்த்துப் பிஸ்டனைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெயை அதற்கேற்ப அடுத்து மாற்றுங்கள்.

இனி நிரப்புவது. மாவில் காற்று அடைபட்டால் பிழியும்போது 'டப்' என்று அறுந்து விழும். ஷாக்கிலும் காற்றுதான் எதிரி. ஸ்பிரிங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, தண்டைக் கீழே இழுத்துப் பிஸ்டனை அடியில் நிறுத்தி, எண்ணெயை விளிம்புவரை ஊற்றுங்கள். பிஸ்டனை மெதுவாக, மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். துளைகளிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்து உடைவது நன்றாகத் தெரியும். அவசரப்பட்டு ஆட்டினால் அவை நுரையாகக் கலந்துவிடும். குமிழி வருவது நிற்கும்வரை ஷாக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். மூடிய பிறகு காதருகே வைத்துத் தண்டை அழுத்துங்கள். 'சளக்' என்று கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது, திரும்பத் திறக்க வேண்டியதுதான். எண்ணெயோடு காற்றைக் கலந்தே ஓட்டும் எமல்ஷன் வகைக்கு மட்டும் இது பொருந்தாது.

நாழி உவமை உதவாத ஓர் இடமும் உண்டு. தண்டு உள்ளே நுழையும்போது அதன் கனஅளவுக்கு இடம் வேண்டும், ஆனால் எண்ணெய் சுருங்காது. அதற்காகவே மூடிக்கடியில் மெல்லிய ரப்பர்ப் பை வைத்திருக்கிறார்கள். எண்ணெய் அதை அழுத்தித் தனக்கு இடம் பிடித்துக்கொள்ளும். பை கிழிந்தால் நிரப்பிய உழைப்பெல்லாம் வீண்.

பராமரிப்பில் மண்தான் பெரிய பகை. தண்டில் ஒட்டிய துகள், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்கைக் கீறும், கீறிய வழியே எண்ணெய் கசியும், ஈரத்தில் இன்னும் மண் ஒட்டும். ஓட்டி முடித்த கையோடு பிரஷ்ஷால் தட்டித் தண்டைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஷாக்கைக் கழற்றியபின் சக்கரத்தைத் தாங்கும் கையைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் இணைப்பில் மண் சிக்கியிருக்கிறது அல்லது பால் ஜாயின்ட் இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. பேரிங் கரகரத்தால் உடனே மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியதும் வண்டியை முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தட்டையாக விடுங்கள். சேஸிஸ் தரையை லேசாகத் தொட்டு, எகிறாமல் நின்றால் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். புது மோட்டார் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தால், அதில் சிறு பங்கில் இரண்டு பாட்டில் எண்ணெயும் ஒரு செட் ஓ-ரிங்கும் வேறு துளை கொண்ட பிஸ்டன்களும் வாங்கிவிடுங்கள். மோட்டாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.