கண்ணாடி மாதிரி தண்ணீர், ஆனால் மீன் இல்லை



தண்ணீர் தெளிவா இருந்தா நல்ல தண்ணீர்னு நாம நினைக்கிறோம். ஓடையில் குனிஞ்சு பார்த்து, அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிஞ்சா போதும், குடத்தை முக்கி எடுத்துடுவோம். வடகிழக்கில் மேகாலயா மாநிலம், ஜைந்தியா மலையில் இந்த நம்பிக்கை பொய்யாகிவிட்டது. அங்கே பல ஓடைகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும். மீன் இருக்காது, தவளை இருக்காது, ஒரு தலைப்பிரட்டை கூட இருக்காது.

காரணம் நிலக்கரி. அங்கே நிலம் குடும்பங்களுக்கும் குலங்களுக்கும் சொந்தம். (சொத்து பெண் வழியாகத்தான் இறங்கும். பூர்வீக வீடு கடைசி மகளுக்கு!) நிலத்தில் ஆழமாகக் குழி வெட்டி, பக்கவாட்டில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பொந்து குடைந்து கரி எடுத்தார்கள். இதற்கு எலி வளைச் சுரங்கம் என்று பெயர். இப்படி ஆயிரக்கணக்கான குழிகள்.

கரியோடு ஒரு கல் கலந்து வரும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, தங்கம் போல மின்னும். மண்ணுக்குள் மூடிக் கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. வெட்டிக் குவித்ததும் காற்றும் மழையும் படுகிறது. கந்தக அமிலமாக மாறி ஓடையில் இறங்குகிறது.

தண்ணீரின் புளிப்பை ஒரு எண்ணால் சொல்வார்கள். நல்ல தண்ணீர் 7. எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடும். ஜைந்தியா ஓடைகள் சிலவற்றில் 4-க்கும் கீழே போயிருக்கிறது. அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல்!

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வச்சா என்ன ஆகும்? சட்டி அரிச்சுப் போகும் இல்லையா? அதேதான் கோபிலி ஆற்றில் நடந்தது. இந்த ஆறு ஜைந்தியா மலைப்பக்கம் பிறந்து அசாமுக்குப் போகிறது. அதன் நீர்மின் நிலையத்தில் இரும்புக் கருவிகளையே அமிலத் தண்ணீர் அரித்துவிட்டது. நிலையத்தை நிறுத்தி நிறுத்திப் பழுதுபார்க்க வேண்டி வந்தது.

இரும்பே தாங்காதபோது மீன் எம்மாத்திரம்? புளிப்புத் தண்ணீரில் மீன் உடம்பிலுள்ள உப்பு செவுள் வழியாக வெளியேறிவிடும். மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியமும் இரும்பும் செவுளில் ஒட்டி மூச்சை அடைக்கும். முட்டை பொரிக்காது. கொஞ்சம் தள்ளி, புளிப்பு குறைகிற இடத்தில், இரும்பு மஞ்சள் சேறாகக் கல்லின் மேல் படியும். அந்தக் கல்லுக்கு அடியில்தான் தட்டான் போன்ற பூச்சிகளின் குஞ்சுகள் வளரும். பூச்சி போனால் அதைத் தின்னும் மீனும் இல்லை, மீனைத் தின்னும் பறவையும் வராது.

லூக்கா என்று இன்னொரு ஆறு. 2007 வாக்கிலிருந்து பனிக்காலம் வந்தால் நீலமாக மாறத் தொடங்கியது. தெரியாதவர்களுக்குப் படம் பிடிக்கத் தோன்றும், அவ்வளவு அழகு. கரையில் இருந்தவர்கள் பார்த்தது செத்து மிதந்த மீன்களை. சுரங்கத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். சிமெண்ட் ஆலைகளைக் குறை சொல்பவர்களும் உண்டு.

2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் எலி வளைச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. திருட்டுத்தனமாகத் தோண்டுவது அப்புறமும் நடந்தது. அதை விடுங்க. தோண்டுவதை முழுசா நிறுத்தினாலும் அமிலம் நிற்காது. கைவிட்ட குழியிலும் கரிக்குவியலிலும் மழை விழுகிறவரை, பல பத்து வருஷத்துக்கு அது ஊறிக்கொண்டே இருக்கும். கரி விற்ற காசு அதற்கு முன்னாலேயே செலவாகியிருக்கும்.

மாற்று உண்டா? புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு. ஓடை வரும் வழியில் சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி, அதன் மேல் தண்ணீரை ஓடவிடுவது ஒரு முறை. ஆனால் கல்லின் மேல் இரும்பு படிந்தால் வேலை குறைந்துவிடும். பார்த்துப் பார்த்துக் கல்லைக் கிளற வேண்டும், மாற்ற வேண்டும்.

காய்ச்சிக் குடிச்சா சரியாகுமான்னு கேப்பீங்க. காய்ச்சினால் கிருமி சாகும். அமிலமும் இரும்பும் அப்படியே இருக்கும். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர ஏற்பாடு இருக்கிறது. சோதனைப் பெட்டியில் புளிப்பும் இரும்பும் பார்க்கலாம். உங்க ஊர்ப் பெட்டி யாரிடம் இருக்குன்னு அடுத்த கூட்டத்தில் கேட்டு வையுங்க.