மலையும் மனிதரும் – 11: கம்பிக்கு அந்தப் பக்கம்

போன வாரம் கொலராடோ ஆற்றில் படகோடு போனோம். இந்த வாரம் மேலே ஏறி, கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பில் நிற்போம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதே இல்லை. விளிம்பில் நின்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மூர் அப்பா அம்மாக்களும் லாஸ் வேகஸோடு சேர்த்து ஒரு நாள் இங்கே வந்து போகிறார்கள்.

மாத்தர் பாயிண்ட் போன்ற காட்சிமுனைகளில் இடுப்புயரத்துக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நடந்தால் கம்பி முடிந்துவிடும். அப்புறம் பாறைதான், அதற்கும் அப்பால் ஆகாயம். ஏன் முழுக்க வேலி போடவில்லை என்று கேட்காதவர் குறைவு. பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். அது ஒரு பதில். தேசியப் பூங்காக்களின் இயற்கைக் காட்சி குலையாமல் காக்கப்பட வேண்டும் என்று 1916-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இன்னொரு பதில். எனக்கு இரண்டையும்விட முக்கியமாகப் படுவது வேறு: வேலி இருந்த இடத்திலும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள்.

1992-இல் நடந்ததைப் பாருங்கள். மகளோடு வந்த ஒரு தகப்பன், அவளைப் பயமுறுத்தி விளையாட நினைத்துத் தடுப்புச் சுவர்மேல் ஏறினார். கைகளைச் சுழற்றி விழுவதுபோல் நடித்தார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சரிவில் குதித்தார். அங்கே கால் வழுக்கிவிட்டது. சுமார் 400 அடி. ஆற்றில் படகோட்டிய உயிரியலாளர் மைக்கேல் கிலியேரியும், அங்கே மருத்துவராக இருந்த தாமஸ் மையர்ஸும் கிராண்ட் கேன்யன் மரணங்களைத் தொகுத்து 2001-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் வரும் சம்பவம் இது. விளிம்பிலிருந்து விழுந்தவர்களில் ஆண்களே மிக அதிகம் என்பதையும் அந்தப் புத்தகம் காட்டுகிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆண்டைக் கவனியுங்கள். 2001-இல் செல்ஃபி என்ற பேச்சே இல்லை. எல்லாப் பழியையும் செல்போன்மேல் போடுவது நமக்கு வசதியாகிவிட்டது. போனுக்கும் பங்கு உண்டுதான்: எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் செய்திகளில் வந்த 259 செல்ஃபி மரணங்களைக் கணக்கிட்டது. அதில் இந்தியாதான் முதலிடம். ஆனால் காலை வாருவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: பாறைமேல் கிடக்கும் பொடிக்கல், திடீர்க் காற்று, குளிர்காலப் பனிக்கட்டி, படத்துக்காகப் பின்னால் வைக்கும் ஓர் அடி. கண்ணும் ஏமாற்றும். இந்தப் பள்ளத்தாக்கு ஒரே செங்குத்துச் சுவர் அல்ல, படிப்படியாக இறங்குவது. விளிம்புக்குக் கீழே ஓர் ஆள் உயரத்தில் திட்டு ஒன்று தெரியும். இதில் இறங்கினால் என்ன என்று தோன்றும். திட்டுக்குக் கீழே இருக்கும் பாதாளத்தைத் திட்டே மறைத்துவிடும்.

பீதி கிளப்புவது என் நோக்கமில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் பேர் வருகிற இடம் இது. எல்லாக் காரணங்களும் சேர்ந்து இறப்பவர்கள் சராசரியாக 12 பேர். தவறி விழுந்து இறப்பவர்கள் இரண்டு மூன்று பேர். வெயிலும் மாரடைப்பும் இங்கே பெரிய எமன்கள்.

அந்த வெயிலிடமிருந்துதான் பூங்காக்காரர்கள் ஒரு பாடம் கற்றார்கள். 1996 கோடையில் பாதைகளில் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே, விபத்து நடந்தபின் ஓடுவதை விட்டு முன்கூட்டியே தடுக்கும் ஒரு குழுவை அமைத்தார்கள். பிரைட் ஏஞ்சல் போன்ற பாதைகளில் காவலர்களும் தன்னார்வலர்களும் நின்று, எங்கே போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பார்கள். பலர் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். எச்சரிக்கைப் பலகையை நாம் படிக்காமல் கடந்துவிடுவோம். கண்ணைப் பார்த்துக் கேட்கும் மனிதரை அப்படிக் கடக்க முடியாது. காட்சிமுனைகளுக்கும் பத்துப் பலகையைவிட இப்படி ஓர் ஆள் மேல் என்பதே என் கட்சி.

விளிம்பிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி நில்லுங்கள் என்கிறது பூங்கா நிர்வாகம். போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். படம் எடுக்கும்போது நகர வேண்டியிருந்தால், போனைத் தாழ்த்தி, திரும்பி, தரையைப் பார்த்து நடங்கள்.

(தொடரும்)