இழந்ததை மீட்ட மகள்

பிரெஞ்சு நாட்டார் சமையலை ஓர் உயர்ந்த கலையாகப் போற்றுவர். அக்கலையில் நான்கு தலைமுறைகளாகப் புகழ்பெற்று விளங்கும் ஒரு குடும்பத்தின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிரான்சின் தென்கிழக்கே, ரோன் நதிக்கு மேற்கில் சேன் பெரே என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே 1889ஆம் ஆண்டில் சோஃபி பிக் என்னும் பெண்மணி ஒரு சிறிய உணவு விடுதியை நடத்தத் தொடங்கினார். அவர் மகன் ஆந்த்ரே தாயின் அடுப்பங்கரையிலேயே தொழில் கற்றார்.

மிஷ்லின் என்னும் டயர் கம்பெனி ஆண்டுதோறும் ஒரு கையேடு வெளியிட்டு, சிறந்த உணவு விடுதிகளுக்கு நட்சத்திரங்கள் வழங்கி வருகிறது. மூன்று நட்சத்திரங்களே அதன் உச்ச மதிப்பு. 1934இல் ஆந்த்ரே அம்மூன்றையும் பெற்றார். 1936இல், பாரிசிலிருந்து தென்கடற்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள வாலன்ஸ் நகருக்கு விடுதியை மாற்றினார்.

புகழைப் பெறுவது அரிது. காப்பது அதனினும் அரிது. ஆந்த்ரேயின் உடல்நலம் குன்றவே நட்சத்திரங்களும் குறைந்தன. அவர் மகன் ழாக் அயராது உழைத்து, 1973இல் மூன்றாவது நட்சத்திரத்தை மீட்டார்.

ழாக்கின் மகள் ஆன்-சோஃபி பாரிசில் வணிக நிர்வாகம் பயின்றவர். தந்தையிடம் சமையல் கற்கும் ஆவலுடன் 1992இல் வீடு திரும்பினார். அந்தோ! அதே ஆண்டில் தந்தை திடீரெனக் காலமானார். 1995இல் மூன்றாவது நட்சத்திரமும் பறிபோயிற்று.

சமையற் கல்லூரியில் பயிலாத ஓர் இளம்பெண், ஆண்கள் நிறைந்த அச்சமையலறையை நடத்த முடியுமா? பலரும் ஐயுற்றனர். எனினும் 1997இல் ஆன்-சோஃபி சமையலறைப் பொறுப்பை ஏற்றார். கணவர் நிர்வாகத்தில் துணைநின்றார். சுவைத்தும், சோதித்தும், தவறியும், திருத்தியும் தமக்கென ஒரு பாணியை வகுத்தார். 2007இல் மூன்றாவது நட்சத்திரம் திரும்பி வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரான்சில் வேறெந்தப் பெண்ணும் அடையாத சிறப்பு அது!

அவ்விடுதிக்கு வித்திட்டவரே ஒரு பெண். அவருடைய கொள்ளுப்பேத்தியின் திறமையையோ உலகம் ஐயுற்றது. இது நம்மைச் சிந்திக்க வைக்கிறதன்றோ? வீடுதோறும் சமையலைப் பெண்களிடம் ஒப்படைக்கும் உலகம், அதே கலையில் தலைமைப் பதவியை அவர்களுக்கு அளிக்கத் தயங்குகிறது.

அன்புத் தோழியரே! முன்னோர் நமக்குப் பெயரைத் தரலாம். திறமையை நாமே உழைத்துத்தான் பெற வேண்டும். இழப்பு நேர்ந்தபோது விலகி ஓடாமல், அடுப்படியில் நின்று கற்ற இம்மகளின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.