லெப்டொப் பெட்டரி நீடிக்க

லயத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், டீ.வீ. பார்க்கக் கார் பெட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணியது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த ஈயப் பெட்டரி நிறைந்திருந்தால்தான் நீடிக்கும். பிள்ளைகள் படிக்கும் லெப்டொப்பின் லித்தியம் பெட்டரி அப்படியல்ல. எந்நேரமும் 100 வீதம் நிறைந்து, சூடாகவும் இருந்தால் சீக்கிரம் பலமிழக்கும்.

பிளக்கில் மாட்டியே பாவிப்பவர்கள், செட்டிங்கில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தி வையுங்கள். பல லெப்டொப்களில் இவ்வசதி உண்டு. இல்லாவிட்டால் 80 ஆனதும் கழற்றுங்கள். 20க்குக் கீழே இறங்க விடாதீர்கள். கம்பளி மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்படி அறிவித்தால் முதல் நாள் மட்டும் 100 வரை ஏற்றலாம், தப்பில்லை. பெட்டரி உப்பினால் உடனே பாவிப்பதை நிறுத்துங்கள்.

புதுப் பெட்டரி வாங்கப் பல நாள் சம்பளம் போகும். அதுவரை பிள்ளையின் படிப்பும் தடைப்படும்.