ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்

2021ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தன. உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் எனது சாதாரணதர வகுப்புகள் சூம் வழியாகவே நடந்தன. ஆனால் வீட்டுத் தொலைபேசி அடித்தால் போதும், இணையம் அறுந்துவிடும். அதனால் வகுப்பு நேரத்தில் தொலைபேசியின் வயரைக் கழற்றி வைத்துவிடுவேன்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலேயே தங்கிவிட்ட என் உம்மும்மாவுக்கு மனப்பாடமான ஒரே இலக்கம் எங்கள் வீட்டு இலக்கம்தான். ஒருநாள் தனியாக இருந்தபோது விழுந்து கையை முறித்துக்கொண்டார். மூன்று முறை எங்களுக்கு எடுத்தாராம். மாலையில் நான் வயரைச் செருகிய பின்னரே செய்தி வந்தது. என்னை ஒருவரும் ஏசவில்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் இப்போது அது நன்றாக விளங்குகிறது. எங்கள் வீட்டுக்கு வருவது ஒரு சோடிச் செப்புக் கம்பி. அதிலே பேச்சு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான மீடிறனில் செல்கிறது. ஏடிஎஸ்எல் இணையமோ சுமார் 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலேதான் தொடங்குகிறது. ஒரே வீதியில் மாட்டு வண்டிக்கு ஒரு பாதையும் பேருந்துக்கு ஒரு பாதையும் இருப்பது போலத்தான்.

இவ்விரண்டையும் பிரிப்பது 'ஸ்பிளிட்டர்' என்ற சிறு பெட்டி. அதனுள்ளே தூண்டிகளும் கொள்ளளவிகளும் உள்ளன. மீடிறன் கூடக்கூடத் தூண்டியின் தடுப்பும் கூடும். ஆகவே இணையச் சமிக்ஞை தொலைபேசிப் பக்கம் போகாது. தொலைபேசி அடிப்பதும் எடுப்பதும் இணையத்தைக் குழப்பாது.

பெட்டியில் மூன்று துளைகள் உண்டு. 'லைன்' என்பதில் வெளியிலிருந்து வரும் வயர், 'போன்' என்பதில் தொலைபேசி, 'மோடம்' அல்லது 'ஏடிஎஸ்எல்' என்பதில் ரவுட்டர்.

எங்கள் வீட்டிலும் ஸ்பிளிட்டர் இருந்தது. வாப்பாவும் நானும் வயரைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தோம். வெளி வயர் முதலில் அறையிலிருந்த இரண்டாவது தொலைபேசிக்குக் கிளை பிரிந்து, அதன் பின்னரே மண்டபத்திலுள்ள ஸ்பிளிட்டருக்கு வந்தது. அறைத் தொலைபேசிக்கு வடிகட்டியே இல்லை! அந்தக் கிளையை அகற்றி, இரண்டு தொலைபேசிகளையும் 'போன்' துளையிலிருந்தே எடுத்தோம். அன்றோடு தொல்லை தீர்ந்தது. அப்படி வயர் இழுக்க முடியாத வீடுகளில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனி வடிகட்டி பொருத்தலாம்.

பெற்றோரும் தோழியரும் இவற்றைக் கவனிக்க வேண்டும். தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 48 வோல்ற் இருக்கும். மணி அடிக்கும்போது இன்னும் கூடும். ஆகவே வெறும் கம்பியைத் தொடாதீர்கள். மூட்டு வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வயரை முறுக்கி 'டேப்' சுற்றிய மூட்டில் களிம்பு பிடித்தால் இணையம் மந்தமாகும். வன்னியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி மின்னல் அதிகம். வானம் இருளும்போதே தொலைபேசி வயரையும் மின்செருகியையும் கழற்றிவிடுங்கள். மழை விட்டதும் மறவாமல் மாட்டுங்கள். ஃபைபர் இணைப்புள்ள வீடுகளுக்கு இந்த ஸ்பிளிட்டர் தேவையில்லை.

உம்மும்மாவின் கை சுகமாகிவிட்டது. அஸருக்குப் பின் அவர் எடுக்கும்போது சில நாட்களில் எனக்கு ஒன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு ஸலாம் சொல்கிறேன். இரண்டும் அறுவதில்லை.