லைட் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

விக்கிரமங்கலத்தில் கார் நின்றுபோனால், அரியலூரிலிருந்தோ ஜெயங்கொண்டத்திலிருந்தோ மெக்கானிக்கை வரவழைக்கவே ஒரு தொகை போய்விடும். மாசக் கடைசியென்றால் கேட்கவே வேண்டாம். சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அத்தோடு சரி. ஆனால் ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் எரிகிறது. “பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப் மோட்டார் போச்சு” என்பார் ஒருவர். “பேட்டரியை மாத்திடுங்க” என்பார் இன்னொருவர். இரண்டும் ஆயிரக்கணக்கில் இழுக்கிற யோசனை. அதற்கு முன்னால் பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள்.

அம்பாசிடர் காலத்தில் முன்பக்கம் கம்பியை விட்டுக் கையால் சுற்றியும் எஞ்சினைக் கிளப்பலாம். அந்தச் சுற்றுவேலையைத்தான் செல்ஃப் மோட்டார் செய்கிறது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இது, 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. சில விநாடிதான் வேலை. ஆனால் அந்த நேரத்தில் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் கரண்ட்டை உறிஞ்சிவிடும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து கேட்பது சுமார் 10 ஆம்பியர்தான்.

வித்தியாசம் இங்கேதான். பேட்டரியிலிருந்து கசியும் அமில ஆவி பட்டு, டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். ஈயமும் செம்பும் சல்பேட்டாக மாறிய பொடி அது. அந்த இணைப்பில் 0.02 ஓம் தடை சேர்ந்தாலே போதும். ஹெட்லைட்டுக்கு 0.2 வோல்ட் இழப்பு; கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் 150 ஆம்பியர் கேட்டால் இழப்பு 3 வோல்ட். மிச்சம் கிடைப்பதில் மோட்டார் சுற்றாது. நாலைந்து முறை சாவியைத் திருப்பிவிட்டு டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். பூத்த பக்கம் சுடும்.

சுத்தம் செய்ய ஒரு ஸ்பேனர், உப்புத்தாள், சமையல்கட்டிலிருந்து ஆப்பசோடா. சாவியை எடுத்துவிட்டு முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும். பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமலிருக்கத்தான் இந்த வரிசை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. சோடா கரைத்த வெந்நீரை டெர்மினலில் மட்டும் ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். துடைத்து, ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, கிளாம்பின் உள்பக்கத்தையும் தேய்த்து, பிளஸை முதலில் மாட்டி, கையால் திருகினாலும் அசையாதபடி முறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின்.

அப்படியும் கிளம்பவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. மங்காமல் ‘டக்’ மட்டும் கேட்டால் கோளாறு செல்ஃப் பக்கம். பழைய கார்புரேட்டர் மாருதி 800 என்றால் இரண்டாவது கியரில் தள்ளிக் கிளப்பலாம். இப்போதைய கார்களில் பெட்ரோல் பம்புக்கும் உள்ளிருக்கும் கம்ப்யூட்டருக்குமே கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாகக் காலியென்றால் தள்ளியும் பயனில்லை.

எஞ்சின் கிளம்பியதும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எலக்ட்ரிக் வேலை செய்பவர் யாரிடமும் இருக்கும். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. 12 பக்கமே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். புதுப் பேட்டரி வாங்கினாலும் அதுவும் இறங்கிவிடும். வாங்கியே தீரவேண்டுமென்றால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஈயத்துக்கு விலை உண்டு. கடையில் கழித்துக் கொடுப்பார்கள்.