மோரேயாத் தீவு: காண்டலும் கருதலும் உரையும்

அறிவு பெறும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுப்பர் சைவ சித்தாந்த நூலார். பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டதனைக் கொண்டு காணாததனை உய்த்துணர்வது கருதல். உரையென்பது சித்தாந்தத்தில் ஆகமத்தைக் குறிப்பதாயினும், ஈண்டு அதனை ஆன்றோர் மொழி என்னும் அளவிற் கொள்ளல் அமையும். நாடு காணச் செல்வோர் பலர் காண்டல் ஒன்றோடு அமைந்து மீள்கின்றனர். ஏனைய இரண்டும் கூடாதவழி அக்காட்சி குறையுடையதாதலோடு, காணப்படும் பொருளுக்கே கேடு விளைத்தலும் கூடும். இதனைப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள மோரேயாத் தீவைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோரேயா, பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்தது. தகித்தித் தீவுக்கு வடமேற்கே 17 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 134 சதுர கிலோமீற்றர். தகித்தியிலுள்ள பப்பேத்தே நகரிற் கப்பலேறுவோர் ஒரு மணி நேரத்துள் வையாரேத் துறையை அடைவர். ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளமான வீதியொன்று கரையோரமாகத் தீவைச் சுற்றிச் செல்கின்றது. வடகரையில் ஒப்புனோகு, குக் என்னும் இரு குடாக்கள் நிலத்தினுள் ஆழப் புகுந்துள்ளன. கப்டன் குக் 1777 ஆம் ஆண்டிலே நங்கூரமிட்டது தம் பெயர் பெற்ற குடாவிலன்று, அதன் மேற்கேயுள்ள ஒப்புனோகுவிலேயாம். இரண்டுக்கும் நடுவே 899 மீற்றர் உயரமான ரோத்துயி மலை நிமிர்ந்து நிற்கின்றது. அன்னாசித் தோட்டங்களைக் கடந்து பெல்வெதேர் என்னும் மேட்டினை அடைவோர், மலையையும் இரு குடாக்களையும் ஒருங்கே காணலாம்.

நீர் விளையாட்டை விரும்புவோர்க்கு அத்தீவின் களப்பு ஓர் இன்பச் சோலை. கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து மிதப்போர், பன்னிற மீன்கள் முருகைக் கற்களிடையே உலாவுதலைக் காண்பர். பக்கத்தே மிதவைக் கட்டை பூட்டிய தோணியை அந்நாட்டார் 'வாஆ' என்பர். அதிலேறித் துடுப்பு வலித்தலும் உண்டு. ஆகஸ்ட் முதல் ஒற்றோபர் வரையுள்ள மாதங்களில், தென்துருவக் கடலிலிருந்து வந்து கன்றீனும் கூனல் திமிங்கிலங்களைத் தீவின் அருகிலேயே காணலாம். இவையாவும் காண்டலின் பாற்படும்.

இனிக் கருதலை நோக்குவோம். 1835 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே 'பீகிள்' கப்பலிற் தகித்திக்கு வந்த சாள்ஸ் டார்வின், அங்குள்ள மலைச்சரிவொன்றில் ஏறி மோரேயாவை நோக்கினார். நடுவே மலை, அதனைச் சூழ அமைதியான களப்பு, அதற்கும் அப்பால் வெண்ணுரை வளையம் என்னும் அமைப்பு, சட்டமிட்ட சித்திரம் போல அவருக்குத் தோன்றிற்று. கரையை விட்டு விலகி, ஆழ்கடலின் விளிம்பில் அம்மதில் எழுந்தது எங்ஙனம்? முருகை உயிர்கள் தம்முடலில் வாழும் நுண்ணிய அல்காக்களின் துணையால் வளர்வன. ஆதலால் ஞாயிற்றொளி புகும் ஆழங்குறைந்த நீரே அவற்றுக்கு ஏற்றது. எரிமலைத் தீவு மெல்ல மெல்லத் தாழ, அதன் கரையைப் பற்றிய முருகை மேனோக்கி வளர்ந்து கொண்டே வரும். தீவு சுருங்கும், மதில் நிற்கும், இடையே களப்பு விரியும். மலை முற்றாக மறைந்தபின் வளையம் மாத்திரமே எஞ்சும். 1842 இல் வெளியிட்ட நூலில் டார்வின் இக்கொள்கையை விரித்துரைத்தார்.

காணாத கடலடியைப் பற்றிய இவ்வனுமானம், நூறாண்டுக்கு மேல் வழக்காடப்பட்டது. 1952 இல் மார்சல் தீவுகளைச் சேர்ந்த எனிவெத்தோக்கில் ஆழத் துளையிட்டபோது, 1,200 மீற்றருக்கு மேற்பட்ட முருகைச் சுண்ணக்கல்லின் அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. மோரேயாவின் வடமேற்கிலுள்ள போராபோராவும் இதற்குச் சான்று பகரும். அது வயதின் மூத்தது. எனவே அதன் மலைநிலம் சிறுத்துக் களப்பு அகன்றுள்ளது. மோரேயாவின் இரு குடாக்களும் ஆறுகள் அகழ்ந்த பள்ளத்தாக்குகளிற் பின்னர்க் கடல் புகுந்தமையால் ஆயவை. அவற்றின் எதிரே முருகை மதில் பிளவுண்டு கப்பலுக்கு வழிவிடுதற்கும் காரணமுண்டு: ஆற்றின் நன்னீரும் வண்டலும் சேருமிடத்து முருகை செழிப்பதில்லை.

மூன்றாவது உரை. ஒப்புனோகுப் பள்ளத்தாக்கில் 'மரயே' எனப்படும் பழைய கல்வழிபாட்டிடங்கள் மரநிழலிற் கிடக்கின்றன. 1960 களில் தொல்பொருளறிஞர் ரொஜர் கிறீன் அவற்றை ஆராய்ந்தார். தலைமக்கள் வில்லெய்த கல்மேடைகளும் அங்குண்டு. குறி பார்த்து எய்தலன்று, நெடுந்தூரம் எய்தலே அவர்தம் போட்டி. மூவாபுத்தா மலையுச்சியிலுள்ள துளை, ரோத்துயியைத் திருட முயன்ற ஹீரோவைத் தடுக்கத் தகித்தியிலிருந்து பாய் என்னும் வீரன் எறிந்த வேலாலாயது என்பர். இக்கதைகளினும் பயனுடையது 'ராகுயி' என்னும் வழக்கு. குறித்த இடத்திற் குறித்த காலத்துக்கு மீன்பிடித்தலையும் அறுவடையையும் தலைவர் விலக்கி வைப்பதே அது. 2004 இல் மோரேயாவின் களப்புக்கென வகுக்கப்பட்ட திட்டத்தின்படி எட்டுக் காப்பிடங்கள் ஏற்பட்டன. இக்கால விதியாயினும், விலக்கி வைத்துக் காக்கும் கருத்து அம்மக்களுக்குப் புதியதன்று.

இம்மூன்றையும் கூட்டிப் பார்ப்பின் உண்மையொன்று புலப்படும். களப்பின் அமைதி, உயிருள்ள மதில் அலையைத் தாங்குவதால் வருவது. உயிர் இருக்குமளவுமே மதில் வளரும். 2006 முதல் முள்முடி நட்சத்திர மீன்கள் பெருகி முருகையைத் தின்றன. 2010 பெப்ரவரியில் 'ஒலி' என்னும் சூறாவளி எஞ்சியதைச் சிதைத்தது. எனினும் பத்தாண்டுக்குள் வெளிமதிலின் பல பகுதிகள் மீளத் தழைத்தன. அதன்மேல் 2019 இற் கடல்நீர் வெம்மையுற, முருகை வெளிறி ஒரு பகுதி மடிந்தது. இத்துணைத் துன்பத்தைத் தாங்கும் உயிரின்மீது, இளைப்பாறும் பொருட்டு ஒருவன் காலூன்றி நிற்பானாயின், கல்லென்று கருதி உயிரை மிதித்தவனாவான். அவன் கண்ணிற் குறையில்லை. கருதலும் உரையும் அவனுக்கு வாய்க்கவில்லை.

ஆதலின் மாணாக்கர் ஓரிடத்துக்குச் செல்லுமுன் அவ்விடத்தின் நிலநூலையும் மக்கள் வழக்கையும் கற்றுச் செல்வாராக. டார்வின் மோரேயாவில் அடியெடுத்து வைத்தாரல்லர். அயற்றீவின் சரிவில் நின்றே அதன் வரலாற்றைக் கண்டார். காணும் பொருளை அறிந்து காண்பவனே அதனைக் காக்கவும் வல்லவனாவான்.